சம்பந்தி காய்ச்சிய கறுப்பு பீர்

கோயம்புத்தூர்
11 ஜனவரி 2025

என்னங்க,

நேற்று ஸ்நேகா போனில் சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது. "அப்பா பீர் காய்ச்சப் போறாராம்மா" என்றாள். எனக்குப் பீர்க்கங்காய் என்று காதில் விழுந்தது. "இந்தக் குளிர்ல அங்க பீர்க்கங்காய் எங்கடி கிடைச்சுது?" என்று கேட்டேன். அவள் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. பிறகு மறுபடியும் நிதானமாகச் சொன்னாள். பீர். சாராயக் கடையில் விற்கிற பீர். அதை நீங்கள் நம் வீட்டு அடுப்பில் காய்ச்சப் போகிறீர்களாம்.

கல்யாண வீட்டில் பழரசத்தைக்கூட மோந்து பார்த்துவிட்டு வாயில் வைக்கிற மனிதர் நீங்கள். கம்பெனி விருந்துகளில் ஒரு கோப்பை இஞ்சிச் சோடாவோடு மூலையில் நின்று காலம் தள்ளியவர். நான் அக்டோபரில் இங்கே வந்து மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் என்ன ஆயிற்று உங்களுக்கு? உடம்பு சரியில்லையா? யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? மகளிடம் சொல்லியிருக்கிறீர்கள், மருமகனிடம் சொல்லியிருக்கிறீர்கள், என்னிடம் சொல்லவில்லை.

போன் செய்து கேட்கலாம்தான். ஆனால் போனில் நான் பத்து வாக்கியம் பேசினால் நீங்கள் "ம்" என்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்து வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுங்கள். கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினால் போதும். எழுதும்போதாவது "ம்" என்று மட்டும் எழுத முடியாதல்லவா?

இங்கே எல்லாம் சௌக்கியம். ஃப்ளாட் நல்ல வெளிச்சம். பால்கனியில் காலை வெயில் வருகிறது. பேச்சுத் துணைக்குப் பழைய சிநேகிதி சுகந்தி பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

அனுசூயா


கர்க்லாண்ட்
14 ஜனவரி 2025

அனு,

நீ கேட்டது சரிதான். பீர்தான். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன். நீயே பார்த்துக்கொள்.

ஆகஸ்டில் சம்பந்தி டெர்மட் இறந்த பிறகு சம்பந்தியம்மா அக்னெஸ் வெர்டனில் உள்ள அந்த வீட்டின் அடித்தளத்துக்குப் போகவே இல்லையாம். புது வருடம் பிறந்ததும் எல்லாவற்றையும் ஒழித்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஸ்நேகாவுக்கு வேலை. மாப்பிள்ளை கானர் தனியாகச் செய்ய வேண்டுமே என்று உதவிக்கு என்னைக் கூப்பிட்டாள். போனேன்.

உனக்கு நினைவிருக்கும், ஒவ்வொரு மார்ச்சிலும் செயின்ட் பேட்ரிக் திருநாள் ஊர்வலம் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போவோம். டெர்மட் தன் கையால் காய்ச்சிய கறுப்பு பீரை எல்லோருக்கும் ஊற்றுவார். நமக்கு மட்டும் தேநீர். அயர்லாந்துக்காரர்கள் ஸ்டவுட் என்கிறார்கள் அதை. அவருடைய கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்து இறங்கிய கதையையும் கூடவே ஊற்றுவார். அந்தச் சாமான்கள்தான் அடித்தளத்தில் இருந்தன. பெரிய கண்ணாடிக் குடுவை, வாளிகள், குழாய்கள், மூடி அழுத்துகிற கருவி.

"எல்லாத்தையும் குப்பை வண்டிக்கு வெச்சிடுங்க" என்றார் அக்னெஸ். கானர் குடுவையைத் தூக்கிக்கொண்டு படியேறினான். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான். குடுவை மடியில். அழவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. நான் கீழ்ப்படியில் நிற்கிறேன். "குடு, நான் எடுத்துக்கறேன்" என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்த பிறகு ஸ்நேகா கேட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமே. "மார்ச்சுக்கு நான் செய்யப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் அதைக் கானரிடம் சொல்லிவிட்டாள். இனி பின்வாங்க முடியாது.

லஷீன் பக்கம் பீர் காய்ச்சுகிற சாமான் விற்கும் ஒரு கடை இருக்கிறது. செலீன் என்ற பெண் நடத்துகிறார். மிக வேகமான பிரெஞ்சு. நீ கூட இருந்திருந்தால் புரிந்திருக்கும். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் "வீ, வீ", ஆமாம் ஆமாம் என்றேன். அதனால் இருபத்துமூன்று லிட்டருக்கான பொருள் வந்து சேர்ந்திருக்கிறது. நான் நினைத்தது ஐந்து லிட்டர்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கு அங்கே ஒரு குறையும் இல்லை என்பதில் மகிழ்ச்சி.

ஜம்பு


கோயம்புத்தூர்
17 ஜனவரி 2025

என்னங்க,

படித்தேன். இரண்டு முறை. கானர் படியில் உட்கார்ந்த இடத்தை மட்டும் மூன்றாம் முறையும் படித்தேன். பாவம் அந்தப் பிள்ளை. அந்த இடம்வரை உங்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அதற்குப் பிறகு வந்தது. நவம்பரில் "இந்த ஃப்ளாட்டை ஒரு தடவை வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன். முழங்கால் வலி, விமானத்தில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்றீர்கள். வெர்டன் வீட்டு அடித்தளத்துக்குப் படி இறங்கி ஏறி, குடுவை சுமந்து, வாளி சுமந்து, கடை கடையாகப் போக முழங்கால் வலிக்கவில்லை. சம்பந்தி வீட்டு முழங்கால் வேறு, என் வீட்டு முழங்கால் வேறு போலிருக்கிறது.

கடைசியில் என்ன எழுதினீர்கள்? எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதில் உங்களுக்கு மகிழ்ச்சி. அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்ய வேண்டும்? நானும் மகிழ வேண்டுமா?

எழுதவே வேண்டாம் என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன். அக்டோபரில் ஒரு நாள் சமையலறையில் நின்று உங்களிடம் கேட்டேன். "நான் கொஞ்ச நாள் ஊர்ல போய் இருந்துட்டு வரட்டுமா?" என்று. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தீர்கள். "எந்தத் தேதிக்கு டிக்கெட் போடணும்?" என்றீர்கள். அவ்வளவுதான். நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குடித்தனம் செய்த ஒருத்தி போகட்டுமா என்கிறாள். ஜன்னலோர இருக்கை வேண்டுமா என்று கேட்கிறீர்கள்!

சரி. பீர் காய்ச்சுங்கள். கை சுட்டுக்கொள்ளாதீர்கள்.

அனுசூயா


கர்க்லாண்ட்
1 பிப்ரவரி 2025

அனு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாள் கிழித்தேன். நீ எழுதியது எனக்குப் புரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. வார்த்தை புரிகிறது. நீ போக ஆசைப்பட்டாய் என்றல்லவா நான் நினைத்தேன்? டிக்கெட் போட்டது தப்பா? யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்து எழுதுகிறேன். இப்போது பீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதிலும் ஒரு சிக்கல்.

போன சனிக்கிழமை காய்ச்சினேன். கறுப்பாக வறுத்த பார்லியைத் துணியில் முடிந்து வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். வீடு முழுக்கக் காபிக் கொட்டை வறுத்த வாசனை. பிறகு மால்ட் பாகு. முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கிறார்கள், தேன்போலத் திரண்டிருக்கிறது. அதை ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஹாப்ஸ் என்கிற காய்ந்த பூவைப் போட வேண்டும். அதுதான் கசப்பு. ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே நின்றேன். ஒரு தடவை பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. துடைத்துவிட்டேன். முழுதாகப் போகவில்லை. நீ வந்தால் பார்ப்பாய்.

ஆறவைக்க அண்டாவைக் கொல்லைப்புறத்துப் பனியில் கொண்டுபோய் வைத்தேன். நல்ல ஆவி. பிறகு குடுவையில் ஊற்றி, ஈஸ்ட் தூவி, அடித்தளத்தில் வைத்தேன். குடுவையின் வாயில் தண்ணீர் நிரப்பிய ஒரு சின்னக் குழாய் இருக்கும். உள்ளே புளிக்கப் புளிக்கக் காற்று அந்தத் தண்ணீர் வழியாகக் குமிழியாக வெளியே வர வேண்டும். மறுநாள் வந்தது. கொடகொடவென்று. மேலே சோபாவில் உட்கார்ந்தாலும் கேட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. வீட்டில் வேறு சத்தம் இல்லை.

மூன்றாம் நாள் நின்றுவிட்டது. அடர்த்தி அளந்து பார்த்தேன். சர்க்கரையில் பாதிக்குமேல் அப்படியே இருக்கிறது. ருசி பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். கருகிய வெல்லப்பாகு மாதிரி இனிப்பு, பின்னால் ஒரு புளிப்பு. செலீனிடம் போனில் கேட்டேன். "ஃப்ருவா, ஃப்ருவா" என்றார். குளிர் என்கிறார் என்று நினைக்கிறேன். அடித்தளத்து ஹீட்டரை நான் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன். நான் ஒருவன்தானே, எதற்கு வீடு முழுக்கச் சூடு என்று.

கானர் தினம் ஸ்நேகாவிடம் கேட்கிறானாம், அப்பா செய்தது எப்படி இருக்கிறது என்று. அவன் எந்த அப்பாவைச் சொல்கிறான் என்று அவளுக்கே குழப்பமாம்.

ஜம்பு


கோயம்புத்தூர்
2 பிப்ரவரி 2025

என்னங்க,

இந்திராதேவி போன் செய்தாள். உங்களுக்குத் தெரியுமே, மூலை வீட்டு யாழ்ப்பாணத்துக்காரி. "அக்கா, உங்கட வீட்டடியால போனனான். கோப்பி கருகின மாதிரி ஒரு மணம். அண்ணை பின்வளவுக்குள்ள பெரிய அண்டாவோட பனிக்குள்ள நிக்கிறார். ஏதும் பிரச்சினையோ?" என்றாள். நான் என்ன சொல்ல? "ரசம் வைக்கிறார்" என்றேன். "ஓம் அக்கா" என்றாள். அவள் நம்பவில்லை.

யோசித்து எழுதுகிறேன் என்கிறீர்கள். யோசியுங்கள். எனக்கு அவசரம் இல்லை. எனக்கு இருக்கிற கோபம் கெட்டுப்போகிற பண்டம் இல்லை.

பீருக்கு வருகிறேன். அந்த நாட்டில் முதல் குளிர்காலத்தில் எனக்கு இட்லி மாவு பொங்கவில்லை, நினைவிருக்கிறதா? மூன்று தடவை மாவைக் கொட்டினேன். நான்காம் தடவை ஓவன் அடுப்பின் விளக்கைப் போட்டு அதற்குள் வைத்தேன். காலையில் பாத்திரம் வழிந்து நின்றது. இதுவும் அதேதான். உள்ளே இருப்பது செத்துப்போகவில்லை, குளிரில் முடங்கிக் கிடக்கிறது. உங்கள் குடுவை ஓவனுக்குள் போகாது. அதனால் வெந்நீர்த் தொட்டி இருக்கிற அறைக்குள் வையுங்கள். என் சிவப்பு ரஜாய்ப் போர்வையை எடுத்து அதைச் சுற்றுங்கள். மேல்மாடி அலமாரியில், இரண்டாவது தட்டில் இருக்கிறது. சுற்றுவதற்கு முன் குடுவையை மெதுவாக ஒரு ஆட்டு ஆட்டுங்கள், அடியில் தங்கியது கலையட்டும். அப்புறம் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மாவையும் அப்படித்தான் கெடுப்பீர்கள்.

அடித்தளத்து ஹீட்டரைக் கூட்டி வையுங்கள். பீருக்காகச் சொல்லவில்லை. ஒருவர்தானே என்று வீட்டை ஏன் குளிரப் போடுகிறீர்கள்? ஒருவருக்குக் குளிராதா?

சாமி அறை இருக்கிற வீட்டில் இதெல்லாம் நடக்கிறது, அதற்கு நான் யோசனையும் சொல்கிறேன். யாரிடம் சொல்லி அழுவது?

அனுசூயா


கர்க்லாண்ட்
16 பிப்ரவரி 2025

அனு,

நீ சொன்னபடியே செய்தேன். ரஜாய் சுற்றி வைத்த மறுநாள் சாயங்காலம் மறுபடி கொடகொடவென்று ஆரம்பித்தது. பொங்கி நுரை குழாய்வரை ஏறிவிட்டது. ரஜாயில் கொஞ்சம் கறுப்புக் கறை. மன்னித்துவிடு, துவைக்கக் கொடுத்திருக்கிறேன். பத்து நாள் பொறுத்து அளந்தேன். சர்க்கரை இறங்கிவிட்டது. சுவையில் அந்தப் புளிப்பு இல்லை. செலீனிடம் என் பிரெஞ்சில் நடந்ததைச் சொன்னேன். அவர் "வோத்ர் ஃபாம்? பிராவோ!" என்றார். உங்கள் மனைவியா, சபாஷ் என்கிறார். அது நீதான்.

நேற்று பாட்டிலில் அடைத்தோம். ஸ்நேகா அக்னெஸை உதவிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். நான் ஊற்ற, அக்னெஸ் மூடியை வைத்து அழுத்த, நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டெர்மட்டோடு பல வருடம் செய்த கை, வேகமாக வேலை செய்தார். பாதியில் ஒரு பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார். ஒரு வாய் குடித்துப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். சத்தமாக. பிறகு பார்த்தால் கண்ணில் தண்ணீர்.

"இது முதல்ல நின்னுபோச்சா?" என்று கேட்டார்.

"ஆமா. குளிர்ல நின்னுடுச்சு. என் மனைவி சொன்னா, சூடான இடத்துல வெச்சேன்" என்றேன்.

"உங்க மனைவி சொன்னாங்களா?" என்று திரும்பக் கேட்டார். பிறகு கருவியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்நேகாவைப் போனில் கூப்பிட்டு உடனே வரச் சொன்னார். வாசலில் கோட்டை மாட்டும்போது என் கையைப் பிடித்து, "கானர்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். போய்விட்டார்.

எதைச் சொல்லக் கூடாது? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பீர் கெட்டுவிட்டதா? நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? உன்னைப் பற்றி நான் பேசியது அவருக்கு வலித்ததா? துணையை இழந்தவர் முன்னால் மனைவி, மனைவி என்று சொல்லியிருக்கக் கூடாதோ? நீ மனிதர்களைப் படிப்பவள். சொல்.

இன்னொன்று. அக்டோபரைப் பற்றி யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜம்பு


கோயம்புத்தூர்
20 பிப்ரவரி 2025

என்னங்க,

எனக்கும் புரியவில்லை. மூன்று நாளாகப் பாத்திரம் தேய்க்கும்போதும் அதையே நினைக்கிறேன். வலித்தால் சிரிப்பு ஏன்? சந்தோஷம் என்றால் பாதியில் ஏன் போக வேண்டும்? என் மனசுக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், தப்பாக இருக்கலாம். கணவர் விட்டுப்போன சாமானில் இன்னொருவர் கைபட்டு அதே வாசனை வந்தால், அது அவர் திரும்பி வந்த மாதிரியும் இருக்கும், அவர் இடத்தை எடுத்துக்கொண்ட மாதிரியும் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி என்ன செய்வாள்?

ஒன்று கேட்கிறேன். கானருக்கு இது வேண்டும் என்று கானர் சொன்னானா? நீங்களாகவே குடுவையை எடுத்தீர்கள், நீங்களாகவே மார்ச் என்றீர்கள். எல்லாம் நல்ல மனசுதான். ஆனால் மனிதர்களுக்கு எது வேண்டும் என்று அவர்களைக் கேட்காமலே முடிவு செய்கிற பழக்கம் உங்களுக்கு உண்டு. அவர்கள் கேட்பதற்கு முன்னால் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவீர்கள்.

ஊர்வலத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் கொல்லையில் ஊற்றிவிடுங்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

இங்கே வெயில் ஏறிவிட்டது. சுகந்தி இருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து வடகம் போட்டிருக்கலாம்.

அனுசூயா


கர்க்லாண்ட்
18 மார்ச் 2025

அனு,

நீ சொன்னபடி கானரிடம் கேட்கவில்லை. கேட்க நினைத்தேன். தைரியம் வரவில்லை. அக்னெஸ் சொல்லாதே என்று வேறு சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

ஊர்வலத்துக்கு எல்லோரும் போனோம். செயின்ட் கேத்தரின் தெருவில் நல்ல காற்று, தூறல். பச்சைத் தொப்பி வைத்துக்கொண்டு ஸ்நேகா என் தலையிலும் ஒன்றைக் கவிழ்த்தாள். ட்ரம் அடிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், நாய்க்குக்கூடப் பச்சைக் கோட்டு. கானர் எங்களைவிட்டு விலகி நடந்தான். போன வருடம் டெர்மட் நின்ற இடத்திலேயே போய் நின்றான்.

பிறகு நம் வீட்டுக்கு வந்தோம். நான் பாட்டிலைத் திறந்தேன். நல்ல சத்தத்தோடு திறந்தது. கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்து ஊற்றினேன். கறுப்புத் திரவம், மேலே வெளுத்த காபி நிறத்தில் நுரை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் கோப்பையைக் கானரிடம் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தான். நின்றான். இன்னொரு வாய். கோப்பையை மேஜையில் வைத்துவிட்டுக் கோட்டுகூட இல்லாமல் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான். கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஸ்நேகா அவன் பின்னால் போகப் பார்த்தாள். அக்னெஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். தானும் ஒரு கோப்பை ஊற்றிப் பாதியைக் குடித்தார்.

"நல்லா இருக்கு. அதுதான் பிரச்சினை" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னார். டெர்மட் காய்ச்சிய பீரை ஒரு வருடம்கூட யாராலும் குடிக்க முடிந்ததில்லையாம். இனிப்பும் புளிப்பும் கருகலுமாக இருக்குமாம். விருந்தாளிகள் ஒரு வாய் வைத்துவிட்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் சிங்க்கில் ஊற்றுவார்களாம். பூந்தொட்டியில் ஊற்றி ஒரு செடி செத்தே போயிற்றாம். அக்னெஸ் முதல் வருடமே அதைச் சொல்ல நினைத்தாராம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு சொன்னால், இத்தனை வருடம் பொய் சொன்னாயா என்று ஆகிவிடும். கானருக்கும் சின்ன வயதிலேயே சொல்லிவைத்துவிட்டார்கள், அப்பாவிடம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும் என்று.

"அந்த அடித்தளம் ஐஸ் மாதிரி இருக்கும்" என்றார் அக்னெஸ். "ஒவ்வொரு வருஷமும் பாதியில நின்னுபோயிருக்கு. அவருக்கு அது தெரியல. நாங்க வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லியிருந்தா அவர் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிச்சிருப்பார். அவருக்கு மூளை இருந்துச்சு. ஒரு கம்பளி போர்த்தியிருந்தா போதும். நான் அன்பா இருக்கறதா நினைச்சுச் சும்மா இருந்துட்டேன்."

அன்று பாட்டிலை மோந்து பார்த்ததும் அவருக்கு இது தெரிந்துவிட்டதாம். அதனால்தான் போய்விட்டார்.

நான் கோட்டை எடுத்துக்கொண்டு கானரிடம் போனேன். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோட்டைப் போர்த்திவிட்டேன். உனக்குத் தெரியும், எனக்கு ஆறுதல் சொல்ல வராது. அவனே பேசினான்.

"இது நல்லா இருக்கு. எனக்கு உங்கமேல கோபமா வருது. ஏன்னு தெரியல. அப்பாவுக்கு இப்படி ஒண்ணு செய்யத்தான் ஆசை. ஒரு தடவைகூடச் செஞ்சதில்ல. தெரியாமலே போயிட்டார். நான் பொய் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"நான் செஞ்சிருக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டேன். நீ கேட்கச் சொன்ன கேள்வி. ஒரு மாதம் தாமதம்.

"தெரியல" என்றான். பிறகு, "இன்னொண்ணு ஊத்துங்க" என்றான். உள்ளே வந்து முழுக் கோப்பையையும் நின்றபடியே குடித்தான். அழுதுகொண்டே குடித்தான். அக்னெஸ் பூந்தொட்டிக் கதையை மறுபடி சொன்னார். அவன் சிரித்தான். ஸ்நேகா இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போய் எனக்கும் அரைக் கோப்பை ஊற்றிக்கொண்டேன். கசப்பு. ஆறிப்போன டிகாக்‌ஷன் மாதிரி. எனக்குப் பிடிக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் வெளியே வந்து எல்லோர் முன்னாலும், "எனக்கு இது பிடிக்கல" என்று சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னதும் நிம்மதியாக இருந்தது.

அதே நிம்மதியில் இதையும் எழுதிவிடுகிறேன். அக்டோபரில் நீ சமையலறையில் நின்று கேட்டபோது வேண்டுமென்றுதான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தால் போகாதே என்று சொல்லிவிடுவேன் என்று பயம். நீ அந்த ஊருக்காக ஏங்குகிறாய், நான் தடுத்தால் உன்னைக் கட்டிப்போட்டதாகிவிடும் என்று நினைத்தேன். அதனால் திரையைப் பார்த்தேன். தேதி கேட்டேன். அதை நான் பெருந்தன்மை என்று நினைத்தேன், அனு.

நீ போனது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. வந்துவிடு. இல்லை, அங்கேதான் இருக்கப் பிரியம் என்றால் என்னைக் கூப்பிடு, நான் முழங்காலையும் தூக்கிக்கொண்டு வருகிறேன். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நீ எதை விரும்புகிறாய் என்று நானாக முடிவு செய்யமாட்டேன். கேட்கிறேன்.

ஜம்பு


கோயம்புத்தூர்
21 மார்ச் 2025

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். "வந்துவிடு" என்று எழுதிய இடத்தில் மை கொஞ்சம் அதிகமாக இருக்கிறது. அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். பால்காரர் மணி அடித்தார். திறக்கவில்லை.

அக்னெஸுக்கும் கானருக்கும் ஆறுதலாக எழுத நினைத்தேன். வரவில்லை. அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும் உங்களுக்கு இத்தனை நாளாகப் பொய்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சுகந்தி இங்கே இல்லை. தீபாவளி முடிந்ததுமே மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டாள். பக்கத்துத் தெரு வீட்டில் யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். போன கடிதத்தில் வாய்தவறி எழுதிவிட்டேன், நீங்கள் கவனிக்கவில்லை. சில நாள் வாட்ச்மேனைத் தவிர ஒருவரிடமும் பேசுவதில்லை. போன மாதம் காந்திபுரத்தில் மேம்பாலத்துக்குக் கீழே எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன். ஆட்டோக்காரர், "ஊருக்குப் புதுசுங்களா?" என்றார். நான் பிறந்த ஊர். ஆமாம் என்று சொல்லி ஏறிக்கொண்டேன். காய்க்காரியிடம் மிச்சச் சில்லறை வாங்கும்போது வாயில் "மெர்சி" என்று பிரெஞ்சு நன்றி வருகிறது. அவள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள்.

இதையெல்லாம் எழுதியிருந்தால் நீங்கள் டிக்கெட் போட்டிருப்பீர்கள். அதுதான் பயம். வா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் டிக்கெட்டை மட்டும் அனுப்பிவிடுவீர்கள் என்று.

எனக்கு என்ன விருப்பம் என்று கேட்கிறீர்கள். யாரும் கேட்கவில்லை என்று அழுதுகொண்டிருந்தேன். இப்போது கேட்டதும் பதில் இல்லை. அங்கே இருக்கும்போது இந்த வெயில் வேண்டும். இங்கே இருக்கும்போது இந்த வெயிலில் யாரோடு பேசுவது என்று இருக்கிறது. வீட்டை விற்பதா, ஃப்ளாட்டை விற்பதா, இங்கே பாதி அங்கே பாதியா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீங்களும் தெரியவில்லை என்று எழுதியதைப் படித்ததும் கோபம் வரவில்லை. அதுவும் ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் முதல் வாரத்துக்கு நானே டிக்கெட் போட்டுவிட்டேன். நீங்கள் போட வேண்டாம். ஜன்னலோரம் இல்லை, நடைபாதை ஓரம். நான் டோர்வால் விமான நிலையத்தில் இறங்கும்போது நீங்கள் ஸ்நேகாவையும் கானரையும் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி, காகிதத்தில் எழுதியதை என் முகத்தைப் பார்த்து வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். கூட்டம் பார்க்கிறது என்று நழுவக் கூடாது.

அப்புறம் வீட்டுக்குப் போய் எங்கே இருப்பது என்று பேசுவோம். நீங்களும் பேச வேண்டும். குரல் உயர்ந்தால் உயரட்டும். இந்திராதேவிக்குக் கேட்டாலும் பரவாயில்லை. இந்தத் தடவை சண்டை போட்டே முடிவு செய்வோம்.

அனு